காற்றின் கணக்கும் கடலின் கணக்கும்

தமிழ்நாட்டில் காற்றிலிருந்து எவ்வளவு மின்சாரம் எடுக்க முடியும்? இந்த எளிய கேள்விக்கு, சென்னை பள்ளிக்கரணையில் இயங்கும் தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் வெவ்வேறு காலங்களில் தந்த விடைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் வியப்பு ஏற்படும். தரையிலிருந்து 50 மீட்டர் உயரத்துக்குக் கணக்கிட்டபோது 5,374 மெகாவாட். 80 மீட்டருக்கு 14,152. 100 மீட்டருக்கு ஏறத்தாழ 33,800. 120 மீட்டருக்கு 68,750. 150 மீட்டருக்கோ 95,000 மெகாவாட்டைத் தாண்டுகிறது.

நிலம் அதே நிலம். அதன்மேல் வீசும் காற்றும் அதே காற்று. விடை மட்டும் பதினேழு மடங்குக்கு மேல் பெருகியிருக்கிறது.

இதில் பிழை எதுவும் இல்லை. ஒவ்வொரு விடையும் அதற்குரிய அனுமானங்களின்படி சரியானதே. ஆனால் அந்த அனுமானங்களை விட்டுவிட்டு எண்ணை மட்டும் மேடையிலும் செய்தியிலும் எடுத்துச் சொல்லும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்த காலத்தில் நானும் இந்த எண்களில் ஒன்றை, நிலக்கரி இருப்பைச் சொல்வதுபோல், கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். நிலத்தடியில் உறங்கும் நிலக்கரியும் கடற்கரையில் வீசும் காற்றும் ஒரே வகையில் எண்ணத்தக்கவை அல்ல என்பதை உணர எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

இன்று இதை எழுதக் காரணம் மன்னார் வளைகுடா. கடலுக்குள் காற்றாலைகளை நிறுவ மத்திய அமைச்சரவை 2024 ஜூன் மாதம் 7,453 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. இதில் 6,853 கோடி ரூபாய், குஜராத் கடலில் 500 மெகாவாட்டும் தமிழகக் கடலில் 500 மெகாவாட்டும் நிறுவுவதற்கான உதவித்தொகை. மீதி 600 கோடி இரண்டு துறைமுகங்களை மேம்படுத்த. இவ்வளவு பொதுப்பணம் ஒரு காற்றை நம்பிச் செல்லும்போது, அந்தக் காற்றை எவ்வாறு அளக்கிறார்கள் என்பதைப் பொதுமக்கள் தெரிந்துகொள்வது நல்லது.

எண் பிறக்கும் விதம்

இந்தியாவின் காற்றை முறையாக அளந்து பதிவுசெய்ததில் முதன்மையான பங்கு அன்னா மாணி அவர்களுடையது. பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, இந்திய வானிலைத் துறையில் உயர்பொறுப்பு வகித்த அந்த இயற்பியலாளர், ஓய்வுக்குப் பிறகே நாடு தழுவிய காற்று ஆய்வை வழிநடத்தினார். கம்பம் நட்டு, கருவி பொருத்தி, மாதக்கணக்கில் பதிவெடுத்து, அதன் பிறகே முடிவு சொல்வது அவர் வகுத்த ஒழுங்கு. தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் 1986-இல் செயல்விளக்கக் காற்றாலைகள் நிறுவப்பட்டன. அதன் பிறகு ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் ஆகிய கணவாய்களின் வழியே பாயும் தென்மேற்குப் பருவக்காற்று தமிழகத்தின் பொருளாதார வளமாக மாறியது.

ஓர் இடத்தின் காற்று வளத்தைக் கணக்கிடுவோர் முதலில் காற்றின் வேகத்தை மதிப்பிடுகிறார்கள். அடுத்து, எவ்வளவு நிலம் கிடைக்கும் என்று அனுமானிக்கிறார்கள். இந்த இரண்டாவது படியை யாரும் கவனிப்பதில்லை. 50 மீட்டர் கணக்கில், இமயமலை மாநிலங்கள் நீங்கலாக மற்ற மாநிலங்களில், 2 சதவீத நிலம் கிடைக்கும் என்று கொள்ளப்பட்டது. 100 மீட்டர் கணக்கிலோ தரிசு நிலத்தில் 80 சதவீதம், விளைநிலத்தில் 30 சதவீதம், வனநிலத்தில் 5 சதவீதம் கிடைக்கும் என்று அனுமானம் மாற்றப்பட்டது. ஆகவே, எண் உயர்ந்ததற்குக் கோபுரத்தின் உயரம் மட்டுமே காரணமன்று. நிலத்தைப் பற்றிய நம் கற்பனையும் சேர்ந்தே உயர்ந்தது. விளைநிலத்தில் 30 சதவீதம் என்பது எத்தனை உழவர்களின் சம்மதம் என்று எந்த வரைபடமும் சொல்வதில்லை.

கனிமப் பொருளாதாரத்தில் 'வளம்', 'இருப்பு' என்று இரண்டு சொற்கள் உண்டு. மண்ணில் இருப்பதெல்லாம் வளம். இன்றைய தொழில்நுட்பத்தில், இன்றைய விலையில், இலாபமாக எடுக்கக்கூடியது மட்டுமே இருப்பு. காற்றைப் பொறுத்தவரை நாம் பேசுவதெல்லாம் வளத்தைப் பற்றியே. கடன் வாங்கிச் செலவிடுவதோ இருப்பை நம்பித்தான்.

சராசரி சொல்லாதது

காற்றின் வேகம் கூடினால் இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. ஒரு நொடியில் இறக்கைகளைக் கடந்து செல்லும் காற்றின் அளவு கூடுகிறது; ஒவ்வொரு கிலோ காற்றும் சுமந்துவரும் ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. இரண்டும் சேர்வதால், காற்றில் உள்ள திறன் வேகத்தின் கனத்துக்கு ஏற்ப உயர்கிறது. நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று 8 மீட்டரானால் வேகம் 14 சதவீதம்தான் கூடுகிறது. அதில் உள்ள திறனோ 49 சதவீதம் கூடிவிடுகிறது.

அது முழுவதையும் எடுத்துவிட முடியாது. எந்தச் சுழலியாலும் காற்றின் ஆற்றலில் 59.3 சதவீதத்துக்கு மேல் பெற இயலாது என்று ஜெர்மானிய அறிஞர் ஆல்பர்ட் பெட்ஸ் 1919-இல் நிறுவினார். மேலும், சுழலி தன் உச்சத்திறனை எட்டிய பின் வேகம் கூடியும் பயனில்லை. எனவே உண்மையான உற்பத்தியில் ஏற்படும் மாற்றம் கன அளவைவிடக் குறைவாக இருக்கும். ஆயினும், வேகத்தை அளப்பதில் நேரும் சிறு பிழை உற்பத்தியில் பெரிய பிழையாக வளரும் என்பது மாறாது.

சராசரி வேகம் மட்டும் தெரிந்தாலும் போதாது. ஓரிடத்தில் ஆண்டு முழுவதும் ஒரே சீராக 7 மீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது. இன்னோரிடத்தில் ஆறு மாதம் 4 மீட்டர், ஆறு மாதம் 10 மீட்டர் என்று கொள்வோம். இரண்டின் சராசரியும் 7 தான். ஆனால் இரண்டாவது இடத்தின் காற்றில் 55 சதவீதம் கூடுதல் ஆற்றல் இருக்கிறது. எனவே, எந்த வேகம் எத்தனை மணி நேரம் வீசியது என்ற பரவலை அறிய வேண்டியுள்ளது.

பொருளாதாரம் படித்தவன் இங்கே இன்னொரு கேள்வியையும் கேட்டாக வேண்டும். அந்தக் கூடுதல் ஆற்றல் எப்போது கிடைக்கிறது? தமிழகக் காற்றாலைகளின் உற்பத்தியில் பெரும்பகுதி மே முதல் செப்டம்பர் வரை வருகிறது. எல்லாக் காற்றாலைகளும் ஒருசேரச் சுழலும் நள்ளிரவில் கிடைக்கும் ஒரு யூனிட்டும், காற்றாலைகள் ஓய்ந்திருக்கும் மார்ச் மாத மாலையில் கிடைக்கும் ஒரு யூனிட்டும் மின்வாரியத்துக்கு ஒரே மதிப்புடையவை அல்ல. மன்னார் வளைகுடாவில் வாடைக் காலத்திலும் பாக் நீரிணை வழியே காற்று வருகிறது. அது எவ்வளவு, எத்தனை நாள், எந்த நேரத்தில் என்பதே அங்கு அமையவிருக்கும் திட்டத்தின் உண்மையான பொருளாதார மதிப்பைத் தீர்மானிக்கும். ஆண்டுச் சராசரி இதைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

கடலில் அளப்பது

நிலத்தில் கம்பம் நடலாம். கடலில் கம்பம் நடுவது பெருஞ்செலவு. அதனால் லைடார் என்னும் கருவி பயன்படுகிறது. அது லேசர் ஒளியை மேல்நோக்கி அனுப்பி, காற்றில் மிதக்கும் நுண்துகள்களில் பட்டுத் திரும்பும் ஒளியின் மாற்றத்தைக் கொண்டு வெவ்வேறு உயரங்களில் காற்றின் வேகத்தைக் கணிக்கிறது. 2015-இல் தேசியக் கடல்சார் காற்றாற்றல் கொள்கை வெளியானது. பின்னர் குஜராத் மற்றும் தமிழகக் கடல்களில் தலா எட்டு மண்டலங்கள் அடையாளம் காணப்பட்டன. காம்பே வளைகுடாவில், கரையிலிருந்து 20 கிலோமீட்டருக்கு அப்பால், கடலில் அமைத்த மேடையொன்றில் 2017 நவம்பர் முதல் லைடார் இயங்கியது. தமிழகப் பக்கத்தில் தனுஷ்கோடியில் 100 மீட்டர் கம்பம் நிறுவப்பட்டது.

கரையில் எடுத்த அளவைக் கொண்டு கடல்நடுவைக் கணிப்பதில் கவனம் வேண்டும். நிலத்தின் மேடுபள்ளமும் மரமும் வீடும் காற்றைத் தடுப்பதால், உயரே செல்லச் செல்ல வேகம் விரைந்து கூடும். கடலின் பரப்பு வழுவழுப்பானது; அங்கே கீழேயே நல்ல வேகம் கிடைக்கும், உயரத்தோடு கூடுவது குறைவு. நிலத்துக்குரிய பொது விதிப்படி 50 மீட்டரிலிருந்து 150 மீட்டருக்குச் சென்றால் வேகம் ஏறத்தாழ 17 சதவீதம் உயரும். கடலில் அதைவிடக் குறைவாகவே உயரும். நிலத்தின் சூத்திரத்தைக் கடலுக்குப் பொருத்தினால் கணக்கு தவறிவிடும்.

ஓராண்டு அளவும் போதாது. பருவமழை ஆண்டுக்கு ஆண்டு மாறுவதுபோலப் பருவக்காற்றும் மாறும். நல்ல காற்று வீசிய ஆண்டில் அளந்துவிட்டு இருபத்தைந்து ஆண்டுகளுக்குத் திட்டமிட்டால் ஏமாற்றமே மிஞ்சும். எனவே, அளந்த ஓரிரு ஆண்டுகளின் பதிவைப் பல பத்தாண்டு வானிலைத் தரவுகளோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள். அதன்பின், முன்வரிசைச் சுழலி வலுவிழக்கச் செய்த காற்றைப் பின்வரிசை பெறுவதால் வரும் இழப்பு, கடலடிக் கம்பிவட இழப்பு, பழுதுபார்க்கும் நாள்கள் ஆகியவற்றைக் கழிக்கிறார்கள். அப்போதுதான் 'ஆண்டுக்கு இவ்வளவு யூனிட்' என்ற எண் கிடைக்கிறது.

ஐயத்தின் விலை

அந்த எண்ணுக்கு ஓர் எடுத்துக்காட்டு: 2024-இல் ஒப்புதல் அளித்தபோது, 1,000 மெகாவாட் கடல்சார் காற்றாலைகள் ஆண்டுக்குச் சுமார் 372 கோடி யூனிட் தரும் என்று அரசு அறிவித்தது. ஆயிரம் மெகாவாட் ஓய்வின்றி ஆண்டு முழுவதும் இயங்கினால் 876 கோடி யூனிட் கிடைக்கும். எனவே அரசின் எதிர்பார்ப்பு ஏறத்தாழ 42.5 சதவீதப் பயன்பாடு. தமிழகத்தின் பங்கான 500 மெகாவாட்டுக்கு இது 186 கோடி யூனிட்.

பயன்பாடு ஒரு சதவீதப் புள்ளி குறைந்தால் இந்த 500 மெகாவாட்டில் 4.38 கோடி யூனிட் குறையும். ஐந்து புள்ளி குறைந்தால் ஏறத்தாழ 22 கோடி யூனிட். விளக்கத்துக்காக யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 110 கோடி ரூபாய். இந்தப் பள்ளத்தை முதலீட்டாளர் சுமக்கலாம், மின்வாரியம் சுமக்கலாம், கட்டணமாகவோ வரியாகவோ நாம் சுமக்கலாம். யாராவது ஒருவர் சுமந்தே ஆக வேண்டும்.

வங்கிகள் இதை அறிந்தவை. அவை நடுமதிப்பை நம்பிக் கடன் தருவதில்லை. பத்தில் ஒன்பது பங்கு வாய்ப்போடு நிச்சயம் கிடைக்கும் உற்பத்தி எவ்வளவு என்று கேட்கின்றன. மதிப்பீட்டின் ஐயப்பாடு 10 சதவீதம் என்றால், 186 கோடி யூனிட்டை அவை 162 கோடியாகக் கணக்கில் கொள்ளும். ஐயப்பாடு 15 சதவீதம் என்றால் அதே திட்டம் 150 கோடி யூனிட்டாகச் சுருங்கிவிடும். காற்று சற்றும் மாறவில்லை. அதைப் பற்றிய நம் அறியாமை மட்டுமே கூடியிருக்கிறது. அந்த அறியாமைக்கு 12 கோடி யூனிட் விலை. அதை ஈடுகட்டக் கூடுதல் வட்டியும் கூடுதல் விலையும் கூடுதல் உதவித்தொகையும் கேட்கப்படும். நல்ல அளவீட்டுக்குச் செலவிடும் பணம் ஆராய்ச்சியாளர்களின் ஆடம்பரம் என்று எண்ணுவோர் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். கடலில் சில கருவிகளைச் சில ஆண்டுகள் இயக்க ஆகும் செலவு 6,853 கோடி ரூபாயில் ஒரு சிறு துளி.

பழைய பாடம்

இந்த எச்சரிக்கைக்குத் தமிழகத்திலேயே முன்னுதாரணம் உண்டு. 1990-களில் காற்றாலை வாங்கிய நிறுவனம் அதன் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்து வருமான வரியைக் குறைத்துக்கொள்ள முடிந்தது. முப்பந்தலிலும் கயத்தாறு வட்டாரத்திலும் காற்றாலைகள் பெருகியதற்கு அந்தச் சலுகை பெரும் உந்துதல். அதனால்தான் தமிழகம் நாட்டுக்கே வழிகாட்டியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அச்சலுகை, நிறுவிய திறனுக்குக் கிடைத்ததேயன்றி உற்பத்தி செய்த மின்சாரத்துக்கு அன்று. ஆகவே, நிதியாண்டு முடியுமுன் காற்றாலையை நிறுத்துவதே பலருக்கு இலக்காக இருந்தது; காற்றைப் பொறுமையாக அளப்பதன்று.

விளைவு இன்றும் கண்முன் நிற்கிறது. மாநிலத்திலேயே சிறந்த காற்று வீசும் இடங்களில், குட்டையான கோபுரங்களின்மீது, 250 கிலோவாட் அளவிலான பழைய சுழலிகள் சுழல்கின்றன. உற்பத்தி செய்யும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 காசு என்ற ஊக்கத்தொகை 2009-இல் வந்தது. விரைவுத் தேய்மானச் சலுகை 2017-இல் 40 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கும் கொள்கையைத் தமிழக அரசு 2024-இல் வெளியிட்டது. பாடம் கற்றுக்கொண்டோம் என்பது உண்மை. அதற்கு ஒரு தலைமுறைக் காலம் ஆயிற்று. கடலில் நட்ட தூணைப் பிடுங்கி மாற்றி நடுவது அதைவிடக் கடினம்.

வரைபடத்தில் இல்லாதவர்கள்

கடலில் நில உரிமைச் சிக்கல் இல்லை என்று சொல்வதைக் கேட்கிறேன். பட்டா இல்லை என்பது வேறு, பயன்படுத்துவோர் இல்லை என்பது வேறு. சதுர கிலோமீட்டருக்கு 5 மெகாவாட் என்ற வழக்கமான அனுமானப்படி, 500 மெகாவாட்டுக்கு 100 சதுர கிலோமீட்டர் கடல் வேண்டும். அது படகும் வலையும் செல்லும் கடல்.

கச்சான், வாடை, சோழகம், கொண்டல் என்று காற்றைப் பெயரிட்டு அழைத்துத் தொழிலுக்குச் செல்பவர்கள் அக்கரை மக்கள். எந்த மாதம் எந்தக் காற்றில் எங்கே மீன் கிடைக்கும் என்பது அவர்களுக்கு வாழ்வாதாரம். கடலில் தூண்களை நிறுவக் கடல் அமைதியாக உள்ள மாதங்கள் தேவை. சிறு படகுக்காரர்களுக்கும் அம்மாதங்களே தொழில் மாதங்கள். இந்த இழப்பு திட்டச் செலவில் சேர்க்கப்பட்டால்தான் ஒரு யூனிட்டின் உண்மை விலை தெரியும். சேர்க்காமல் விட்டால், அந்தச் செலவு மறைந்துவிடாது. மீனவர் குடும்பத்தின் கணக்கில் எழுதப்படும்.

கடலின் கணக்கில் மனிதர்கள் மட்டும் இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை உள்ளடக்கிய கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அமைந்தது. 1989-இல் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வடக்கே பாக் விரிகுடாவில் 2022-இல் கடற்பசுக் காப்பகம் உருவானது. அக்கரையில், இலங்கையின் மன்னார்த் தீவில், 30 சுழலிகளுடன் 103.5 மெகாவாட் 'தம்பபவனி' காற்றாலைப் பண்ணை இயங்குகிறது. அதே காற்றை நம்பி மேலும் காற்றாலைகள் அமைக்க முனைந்தபோது, வலசைப் பறவைகளும் வெள்ள வடிகாலும் வாழ்வாதாரமும் பாதிக்கப்படும் என்று அத்தீவு மக்கள் 2025-இல் போராடினார்கள். அங்கே காற்று போதாமல் போகவில்லை. காற்றைத் தவிர மற்றவற்றை முன்கூட்டியே கணக்கில் எடுக்கவில்லை என்பதே மக்களின் மனக்குறை.

வேண்டுவன

நான் காற்றாலைகளுக்கு எதிரானவன் அல்லன். நிலக்கரியைச் சார்ந்திருப்பதிலிருந்து தமிழகம் விடுபடக் காற்று இன்றியமையாதது. பத்தாயிரம் மெகாவாட்டுக்கு மேல் நிறுவிய மாநிலம் கடலுக்குள் செல்ல நினைப்பதும் இயல்பே. அதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு.

முதலாவதாக, பொதுப்பணத்தில் எடுக்கும் கடற்காற்றுப் பதிவுகளை மணிவாரியாக எல்லோருக்கும் வெளியிட வேண்டும். பல்கலைக்கழகங்களும் வங்கிகளும் மீனவர் அமைப்புகளும் அவற்றைச் சரிபார்க்கட்டும். இரண்டாவதாக, எந்த அறிவிப்பிலும் ஒற்றை எண்ணைச் சொல்லாமல், எந்த உயரம், எவ்வளவு பரப்பு, எவ்வளவு ஐயப்பாடு என்பவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூன்றாவதாக, உதவித்தொகை நட்ட தூணுக்கன்றி, அளந்து பார்த்த மின்சாரத்துக்குப் பிணைக்கப்பட வேண்டும். நான்காவதாக, மீன்பிடிப் பரப்பையும் காப்புப் பகுதிகளையும் கழித்த பின்னரே மண்டலங்களை ஏலத்துக்கு விட வேண்டும். ஏலம் முடிந்த பின் கருத்துக்கேட்பு நடத்துவதில் பொருளில்லை. இறுதியாக, அதே பணத்தை முப்பந்தலின் பழைய சுழலிகளை மாற்றுவதில் செலவிட்டால் எவ்வளவு யூனிட் கிடைக்கும் என்ற ஒப்பீட்டைச் சட்டப்பேரவையில் வைக்க வேண்டும்.

அடுத்த முறை 'தமிழகக் கடலில் இத்தனை ஆயிரம் மெகாவாட்' என்ற செய்தியைப் படிக்கும்போது வாசகர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கட்டும்: எங்கே அளந்தார்கள், எத்தனை ஆண்டு அளந்தார்கள், யாருடைய கடலைக் கணக்கில் சேர்த்தார்கள்? இவற்றுக்கு விடை இருந்தால் அந்த எண்ணை நம்பிக் கடன் வாங்கலாம். விடை இல்லையென்றால், முதலில் வாங்க வேண்டியது அளக்கும் கருவியே.